பழைய பாணி பார் கட்டுபவர்களே, பின்கதவைக் காட்டுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் பழைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்து ஜாஸ் பார் போட வருபவர்கள், உள்ளலங்காரம் செய்யும் என்னிடம் முதலில் கைப்பேசியில் ஒரு படத்தைத்தான் நீட்டுவார்கள். மங்கிய மஞ்சள் விளக்கு, வெல்வெட் திரை, பித்தளைக் கைப்பிடி, மூலையில் ஒரு செயற்கைப் பனைமரம்.

அந்த மரத்தை நான் வரைபடத்திலேயே எடுத்துவிடுவேன். 1942 நவம்பர் 28 இரவு, பாஸ்டனில் ‘கோகோநட் குரோவ்’ கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் செத்தார்கள். செயற்கைப் பனைமரமும் கூரையில் கட்டிய துணியும் தீயை மளமளவென்று இழுத்துப்போயின. வாசலில் இருந்தது சுழல்கதவு. கூட்டம் நெருக்கியதில் அது நின்றுபோனது. பக்கக் கதவுகளில் சில பூட்டிக் கிடந்தன.

நம் கடைவீட்டுக்கு வருவோம். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் அஞ்சடி நடைபாதை, பின்னால் சந்து, இரண்டே வழி. பின்கதவில் இரும்புக் கிரில், அதில் பூட்டு, அதை மறைத்து பீர் பெட்டிகள். திருட்டுப் பயம் நியாயமானதுதான். வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பிப் பூட்டு கடையில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

அடுத்தது ஓசை. செங்கல் சுவர், வழவழப்பான தரை; சாக்ஸபோன் வாசித்தால் காது கிழியும். உடனே இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மேடுபள்ள நுரைப்பஞ்சை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். 2003-இல் அமெரிக்காவின் ரோட் தீவில் 100 பேர், 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் 242 பேர் இறந்த விடுதித் தீகள் இப்படிப்பட்ட பஞ்சில்தான் பற்றின. பொறி மேடையில் கொளுத்திய வாணத்திலிருந்து வந்தது. பாலியூரித்தேன் பஞ்சு எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். நெருப்பு கிட்டே வருமுன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும்.

நான் போடுவது பாறைக் கம்பளிப் பலகை. அது எரியாது. சுவருக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டால் டபுள் பாஸ் வாத்தியத்தின் உறுமலும் அடங்கும். மேலே போர்த்தும் துணிக்கு பிஎஸ் 476 என்ற பிரிட்டிஷ் தீச்சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். ‘தீப்பிடிக்காது பாஸ்’ என்று கடைக்காரர் சொல்வது சான்றிதழ் ஆகாது. தீத்தடுப்பு மருந்து ஏற்றிய வெல்வெட்டைச் சலவைக்குப் போட்டால் மருந்தும் போய்விடலாம், மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

பச்சையாக எரியும் ‘கெலுவார்’ (வெளியேறும் வழி) பலகை ‘மூட்’டைக் கெடுக்கிறது, திரைக்குப் பின்னால் தள்ளுங்கள் என்று கேட்காத முதலாளி அபூர்வம். பலகையை நகர்த்த மாட்டேன், மேடையை நகர்த்துவேன். பாடகருக்குப் பின்னால் அந்தப் பச்சை விழாதபடி மேடையை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனால் இரண்டு மேசை குறையும். அந்த இரண்டு மேசைக்குத்தான் பேரம் நடக்கும்.