சுருக்குப்பையில் மிச்சமிருக்கும் தம்

மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு ரவுண்டு வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நாலாவது ரவுண்டில் எனக்குத் தம் போய்விடும். விலா பிடிக்கும், கால் கனக்கும், இனி ஓரடி வைக்க முடியாது என்று தோன்றும். கூட ஓடுகிற மாமா, "அவ்வளவுதான் மாப்ளே, அந்த முக்கு வரைக்கும்தான்" என்பார். உடனே கால் பறக்கும். அந்தத் தெம்பு இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்தது?

பெட்ரோல் தீர்ந்த வண்டி கடைசி நூறு மீட்டரில் வேகம் எடுக்காது. ஆனால் பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவர்கள் கடைசிச் சுற்றில் எடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்க உடலியல் அறிஞர் டிம் நோக்ஸ் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். தசை காலியானதால் களைப்பு வருவதில்லை, காலியாகிவிடக் கூடாதே என்று மூளை முன்கூட்டியே பிரேக் போடுகிறது என்றார். நம் அப்பத்தாவின் சுருக்குப்பை மாதிரி. காசு இருக்கும், கேட்டால் "ஏதுய்யா காசு?" என்பாள். ஊருக்குப் பஸ் ஏறும்போது மட்டும் ஒரு நூறு ரூபாய் வெளியே வரும்.

இந்தக் கருத்தை ஏற்காதவர்களும் உண்டு. உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேல் மார்க்கோரா, இப்படிப் பிரேக் போட மூளைக்குள் தனியாக ஒரு காவல்காரன் தேவையில்லை, 'இவ்வளவு கஷ்டப்படத் தயாரா?' என்ற கேள்விக்கு மனம் சொல்லும் பதில்தான் எல்லை என்கிறார். 2009-இல் வெளியான அவருடைய ஆய்வில், 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் வேலை செய்துவிட்டு சைக்கிள் மிதித்தவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். இதயத்திலோ தசையிலோ குறை ஒன்றும் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது 2004-இல் வெளியான இன்னொரு சோதனை. சுமார் ஒரு மணி நேர சைக்கிள் ஓட்டத்தின் நடுவே, இனிப்பே தெரியாத மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். வயிற்றுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட 3 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். அதே குழுவினர் குளுக்கோஸை நேராக ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தபோதோ பலனே இல்லை. நாக்கில் பட்டதும் 'சாப்பாடு வருது' என்று மூளைக்குத் தகவல் போய், பிரேக் தளர்கிறது. (ஜிகர்தண்டாவை வைத்து இந்தச் சோதனையை மதுரையில் நடத்த முடியாது. யார் துப்புவார்கள்?)

அப்புறம், ஓடி முடித்ததும் வருகிற அந்தச் சுகம். எண்டார்பின் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரத்தத்தில் கூடும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழையாது. இப்போது சந்தேகம் ஆனந்தமைடு மேல் திரும்பியிருக்கிறது. உடலே சுரக்கும், கஞ்சாவின் வேலையைச் செய்யும் பொருள் இது. 1992-இல் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்துதான் பெயர் வைத்தார்கள்.

ஆனால் எல்லா ஓட்டத்துக்கும் சுருக்குப்பைக் கணக்கு செல்லாது. சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடரோட்டம் ஓடினாரே, அந்த 400 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாஸ்பேட்டும் அமிலமும் தசைக்குள் ஏறி, சுருங்கும் விசையே நிஜமாகக் குறைந்துவிடுகிறது. கடைசி நூறில் எல்லோருமே தளர்கிறார்கள். முந்திப் பாய்வதாக நமக்குத் தெரிகிறவர், மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்கிறவர்.