மாதிரி ரயில் பெட்டியின் நிறம் சரிதானா?

ஒரே நிறுவனம் செய்த இரண்டு மாதிரிப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தண்டவாளத்தில் நிறுத்துங்கள். இரண்டுக்கும் கீழே கருஞ்சிவப்பு, ஜன்னல்களைச் சுற்றிக் கிரீம். இரு நிறமும் சந்திக்கும் கோடு ஒரு பெட்டியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் போதும், கண் உடனே பிடித்துவிடும். அதே கண்ணிடம், "இந்தச் சிவப்பு 1951-இல் ஓடிய பெட்டியின் சிவப்புதானா?" என்று கேளுங்கள். பதில் வராது. வந்தாலும் நம்ப முடியாது.

நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க நல்ல கண்ணுக்கும் சுமார் ஒரு பாகைநிமிட (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இடைவெளி வேண்டும். 30 செ.மீ. தொலைவில் அது 0.09 மி.மீ. ஆனால் ஒரு கோடு நடுவில் விலகியிருக்கிறதா என்று பார்ப்பதில் கண் பல மடங்கு கூர்மையானது. பத்து பாகைநொடி (அறுபது பாகைநொடி ஒரு பாகைநிமிடம்) விலகலையும் அது உணரும். அதே தொலைவில் அது 0.015 மி.மீ. மட்டுமே. வெர்னியர் அளவுகோல் வேலை செய்வதே இந்தத் திறனை நம்பித்தான். நிறத்திலும் கண்ணின் குணம் இதேதான். அருகருகே வைத்த இரண்டு சிவப்புகளின் மெல்லிய வேறுபாடு தெரியும். நேற்றுப் பார்த்த சிவப்பை இன்று நினைவிலிருந்து எடுத்து ஒப்பிட வராது. ஆகவே பெட்டியின் லிவரியை, அதாவது நிறம், பட்டை, கோடு, எழுத்து எல்லாம் சேர்ந்த அந்த அலங்காரத்தை மதிப்பிடும்போது எதையும் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது. எண்ணிப் பார்க்க முடிந்ததை முதலில் பார்க்க வேண்டும், அளக்க முடிந்ததை அடுத்து. நிறம் கடைசியில்தான்.

இதை விளக்கப் பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 பெட்டியை எடுத்துக்கொள்வோம். மாதிரி செய்பவர்களிடம் அதிகம் புழங்குவதும் அதிகம் சர்ச்சைக்குள்ளாவதும் அதுதான்.

ஆண்டும் எண்ணும் பொருந்துகின்றனவா?

பிரிட்டனின் ரயில் நிறுவனங்கள் 1948 ஜனவரி 1-இல் அரசுடைமை ஆயின. மறு ஆண்டே விரைவு வண்டிகளின் பெட்டிகளுக்குக் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பும் கிரீமும் வந்தன. "ரத்தமும் கஸ்டர்டும்" என்று ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் இன்றும் அதற்கு நிலைத்திருக்கிறது. மார்க் 1 பெட்டிகள் 1951 முதல் ஓடின. 1956-இல் கொள்கை மாறி, பெரும்பாலான பெட்டிகள் மரூன் ஆயின. மேற்குப் பிராந்தியம் தன் பெயர்பெற்ற விரைவு வண்டிகளுக்குப் பழைய சாக்லேட்–கிரீமை மீட்டெடுத்தது. தெற்குப் பிராந்தியம் பச்சைக்குப் போனது. 1965-இல் எல்லாவற்றுக்கும் பொதுவாக நீலமும் சாம்பலும் வந்தன.

இந்த நான்கைந்து தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டாலே பாதித் தவறுகள் சிக்கிவிடும். பெட்டி எண்ணின் முன்னால் வரும் எழுத்து அது எந்தப் பிராந்தியத்துக்குச் சொந்தம் என்று சொல்லும்: மேற்குக்கு டபிள்யூ, லண்டன் மிட்லாண்டுக்கு எம், கிழக்குக்கு ஈ, தெற்குக்கு எஸ். சாக்லேட்–கிரீம் பெட்டியில் எம் எழுத்து இருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். எண்ணும் பேசும். இடைவழியோடு கூடிய இரண்டாம் வகுப்புப் பெட்டிகளின் வரிசை 24000-இல் தொடங்கி 26000-ஐத் தாண்டிச் சென்றது. தாண்டியவை கட்டப்பட்டபோது மரூன் காலம் நடந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட எண்ணைக் கிரிம்சன்–கிரீமில் அச்சிட்டால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பெட்டி ஓடியதே இல்லை. பெட்டிக்கு அடியிலும் பாருங்கள். 1960-களில் பரவிய பி4 போகி (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டம்), கிரிம்சன்–கிரீம் பெட்டியின் அடியில் வரக் காரணமில்லை. எழுத்துரு மற்றொரு சாட்சி: 1965-க்கு முன் கில் சான்ஸ், நீலம்–சாம்பல் காலத்தில் ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் வடிவமைத்த ரெயில் ஆல்ஃபபெட். இரண்டும் கொக்கி இல்லாத எழுத்துகள் என்பதால் பலர் கவனிப்பதில்லை. 1, 3 ஆகிய இலக்கங்களைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்து, தேதி தெரிந்த புகைப்படத்தோடு ஒப்பிட்டால் குழப்பம் தீரும்.

நம் ஊர்ப் பெட்டிகளுக்கும் இதே வழி செல்லும். பெரம்பூரில் கட்டிய ஐ.சி.எஃப். பெட்டியின் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டைக் குறிக்கும். செங்காவி நிறம் 1990-களில் நீலத்துக்கு வழிவிட்டது. ஆகவே 05 என்று தொடங்கும் எண் பழைய காவிப் பெட்டியில் இருந்தால் அளவுகோலையே எடுக்க வேண்டியதில்லை.

கோடு எங்கே ஓடுகிறது?

பிரிட்டனில் பரவலான ஓஓ அளவில் ஒரு அடிக்கு 4 மி.மீ.; விகிதம் 1:76.2. நீளமான மார்க் 1 பெட்டியின் உடல் 64 அடி 6 அங்குலம், ஆகவே மாதிரியில் 258 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு அங்குலம் மூன்றில் ஒரு மில்லிமீட்டராகிறது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் மற்றவை தானே வரும்: அரை அங்குலக் கோடு 0.17 மி.மீ., கால் மில்லிமீட்டர் பிசகினால் அசலில் முக்கால் அங்குலம்.

பட்டையின் உயரத்தை அளக்க டிஜிட்டல் காலிப்பர் போதும். ஆனால் தாடைகளின் முனை பெயின்டைச் சுரண்டிவிடும். முனைகளில் மெல்லிய டேப் ஒட்டிக்கொண்டு, அதன் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். அசலின் வரைபடம் கிடைக்காதபோது புகைப்படத்திலிருந்து விகிதம் எடுக்கலாம். பெட்டிக்கு நேர் எதிரே, தூரத்திலிருந்து எடுத்த படமாக இருக்க வேண்டும். ஜன்னலின் உயரத்தை ஒன்று என்று வைத்து, ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து நிறக்கோடு வரை அதில் எத்தனை பங்கு என்று கணக்கிடுங்கள். மாதிரியிலும் அதே பங்கு வர வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. மார்க் 1 பெட்டியின் பக்கச்சுவர் தட்டையல்ல, அடியில் உள்நோக்கி வளையும். வளைந்த பகுதி படத்தில் குறுகித் தெரியும் என்பதால் ஜன்னலுக்கு அருகிலுள்ள அளவுகளை மட்டும் நம்புங்கள். அடி விளிம்பு வரை நீட்டாதீர்கள்.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்? தனிப் பெட்டியில் 0.2 மி.மீ. வரை எவரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அசலில் அது 15 மி.மீ.தான். ஆனால் ஐந்து பெட்டிகளைக் கோத்த வண்டியில் அடுத்தடுத்த பெட்டிகளுக்கு இடையே அந்த 0.2 மி.மீ. படிக்கட்டாகத் தெரியும். எல்லாப் பெட்டியிலும் கோடு ஒரே அளவு தவறியிருப்பது, ஒன்றில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் இருப்பதைவிடக் கண்ணுக்கு நிம்மதி. மதிப்பெண் போடுபவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்: அசலோடு பொருத்தம் ஒன்று, பெட்டிக்குப் பெட்டி பொருத்தம் இன்னொன்று.

மெல்லிய கோடுகளில் தொழிற்சாலை செய்யும் பிழைகள் பெரும்பாலும் அச்சிடும் முறையிலிருந்து வருகின்றன. கோடும் எழுத்தும் சிலிக்கான் பஞ்சால் மையை எடுத்து ஒற்றும் டாம்போ முறையில் அச்சாகின்றன. கதவு இடுக்கு, கீல் போன்ற மேடுபள்ளங்களில் பஞ்சு முழுதாகப் படியாமல் கோடு அறுபடும். தங்கக் கோடும் கருப்புக் கோடும் வெவ்வேறு ஒற்றலில் வருவதால் ஒன்று சற்று நகர்ந்தால் ஒரு பக்கத் தங்கம் தடிக்கும், மறுபக்கம் மறையும். வெளிர் மை அடர்ந்த நிறத்தை முழுதாக மூடாது: சிவப்பின் மேல் மெல்லிய கிரீம் இளஞ்சிவப்பாகும், நீலத்தின் மேல் ஒரே ஒற்றலில் போட்ட முதல் வகுப்பு மஞ்சள் பட்டை பச்சை காட்டும். ஆகவே, "மஞ்சள் தவறு" என்று எழுதும் முன் லென்ஸில் பாருங்கள். மஞ்சள் சரியாகவே இருந்து, அடி நிறம் எட்டிப்பார்ப்பதாகவும் இருக்கலாம்.

பெயின்டின் தடிமனும் கணக்கில் உண்டு. மாதிரியில் 0.05 மி.மீ. படலம் என்பது அசலில் கிட்டத்தட்ட 4 மி.மீ. தடிமனான பூச்சு. மறைப்பு டேப்பை உரித்த இடத்தில் நிற்கும் விளிம்பு அதனால்தான் வரப்புபோலத் தெரிகிறது. சாய்ந்த ஒளியில், கிட்டத்தட்டப் பக்கச்சுவரை உரசுவதுபோல் விளக்கைப் பிடித்தால் அது நிழல் போடும்.

கடைசியில் நிறம்

நிறத்தை ஒப்பிட மூன்று விளக்குகள் வேண்டும்: நேர் வெயில் விழாத ஜன்னல் வெளிச்சம், 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கு, நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் குறியெண் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேற்பட்ட வெள்ளை எல்.இ.டி. மூன்றிலும் பார்க்கக் காரணம், இரண்டு பெயின்ட்கள் வெவ்வேறு நிறமிகளால் ஒரே நிறத்தை எட்ட முடியும் என்பது. ஒரு வெளிச்சத்தில் அவற்றிலிருந்து திரும்பும் ஒளி கண்ணின் மூன்று வகைக் கூம்புகளையும் ஒரே அளவில் தூண்டும். வெளிச்சம் மாறினால் தூண்டல் பிரிந்துவிடும். ஜன்னலருகே ஒட்டி நின்ற கிரிம்சன்கள் மஞ்சள் விளக்கில் ஒன்று ஆரஞ்சுக்கும் ஒன்று ஊதாவுக்கும் போவது இதனால்தான். கடைக்காரர் வெளிச்சத்தில் ஒன்றைச் சொல்ல, வீட்டில் வாங்கியவர் வேறொன்றைச் சொன்னால் இருவரும் உண்மை சொல்லியிருக்கலாம்.

அக்கம்பக்க நிறமும் கண்ணை ஏமாற்றும். சிவப்பை ஒட்டிய கிரீம் லேசாகப் பச்சை ஏறியதுபோல் தோன்றும். நடுத்தரச் சாம்பல் அட்டையில் ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு ஓட்டைகள் போட்டு, ஒன்றின் வழியே மாதிரியையும் மற்றதன் வழியே நிற அட்டையையும் பாருங்கள். அந்த நிற அட்டை பிரிட்டிஷ் தர அட்டையாக இருக்க வேண்டும். 1965-இன் ரெயில் புளூ, பி.எஸ். 381சி தரத்தில் 114-ஆம் எண். கணினித் திரையிலும் கைப்பேசிப் படத்திலும் அந்த எண்ணைத் தேடிப் பார்த்து ஒப்பிடுவதில் பயனில்லை. கேமரா வெள்ளைச் சமநிலையைத் தானே மாற்றிக்கொள்ளும்.

பளபளப்பை மறந்தால் எல்லாம் வீண். எந்தப் பூச்சின் மேற்பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை நிறம் ஏறாமலே திருப்பியனுப்பும். வழவழப்பான பரப்பில் அது ஒரே திசையில் போவதால் கண்ணை ஒதுக்கிக்கொள்ளலாம். மங்கலான பரப்பில் எல்லாத் திசையிலும் சிதறி நிறத்தோடு வெள்ளை கலந்ததுபோல் ஆக்கும். அதே டப்பாவின் மரூன், மேட் வார்னிஷின் கீழ் வெளிறியும் பளபளப்பு வார்னிஷின் கீழ் ஆழ்ந்தும் தெரிவது இதனால்தான். ஒப்பிடும் இரண்டும் ஒரே பளபளப்பில் இருக்க வேண்டும்.

கையடக்க நிறமானி இருந்தால் எல், ஏ, பி என்ற மூன்று எண்கள் கிடைக்கும். இரண்டு நிறங்களின் எண்களுக்கு இடையேயுள்ள தூரம் டெல்டா ஈ. ஒன்று என்பது கவனமான கண் உணரும் எல்லை. இரண்டு மூன்று வரை மாதிரிப் பெட்டிக்குத் தாராளமாகப் பொருந்தும். கருவியின் வாய் தட்டையான பரப்பில் முழுதாக உட்கார வேண்டும். ஜன்னல்களுக்கு இடையேயுள்ள கிரீம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் அங்கே அது கண்ணாடியையும் சேர்த்துப் படிக்கும். அதே பெயின்டை ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டில் அடித்து அதைப் படியுங்கள்.

மூன்று எண்களில் எல் வெளிச்சத்தின் அளவு. அது கொஞ்சம் உயர்ந்திருந்தால் மன்னிக்கலாம் என்பது எங்கள் கருத்து. அசல் பெட்டி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சத்தில் நின்றது. மாதிரி நிற்கும் அறையில் சில நூறு லக்ஸ். வெளிச்சம் குறைந்தால் நிறத்தின் செறிவும் குறைந்து தெரியும். சிறிய பரப்பில் அடித்த நிறம் பெரிய பரப்பில் அடித்ததைவிட அடர்த்தியாகத் தெரியும். அதனால் தேர்ந்த கைகள் பெயின்டில் சிறிது வெள்ளை சேர்க்கின்றன. தூரத்துக் காற்று நிறத்தை வெளிற வைக்கிறது என்று இதற்குச் சொல்லும் காரணம் மட்டும் பொருந்தாது: 30 செ.மீ.யிலிருந்து மாதிரியைப் பார்ப்பது அசலை 23 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தெளிந்த நாளில் 23 மீட்டர் காற்று எதையும் வெளிற வைக்காது. நிறத்தின் சாயலைச் சொல்லும் ஏ, பி எண்கள் திசை திரும்பி, கிரிம்சன் செங்கல் நிறத்துக்கோ ஊதாவுக்கோ சாய்ந்தால் அது பிழை.

சாட்சிகளையும் சோதிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பெட்டி இன்றைய பெயின்டை அணிந்திருக்கிறது. பழைய எக்டாக்ரோம் ஸ்லைடுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப் படம் முழுதும் சிவந்துவிடும். அதை வைத்து மரூனை நிறுவ முடியாது. படத்தில் உறுதியாகச் சாம்பல் என்று தெரிந்த ஏதாவது ஒன்று, ஜல்லியோ சிமென்ட் நடைமேடையோ, இன்னும் சாம்பலாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணெய் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். அதன் கீழ் கிரீம் வெண்ணெய் நிறமாகும், சிவப்பு பழுப்பேறும். ஆகவே பட்டறையிலிருந்து வந்த புதுப் பெட்டியைக் காட்டுகிறதா, நாலு வருடம் ஓடியதைக் காட்டுகிறதா என்று மாதிரி செய்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் நிறத்துக்கு மதிப்பெண் போட வேண்டும்.

ஓடிய பெட்டி என்றால் அழுக்கும் லிவரியின் பகுதி. வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகளிலிருந்து உதிரும் தூள் துருப்பிடித்துப் பழுப்பாகப் போகியிலும் பெட்டியின் அடிவிளிம்பிலும் படியும். கழுவும் தூரிகை எட்டாத பெட்டி முனைகளில் கரி நிற்கும். இந்த இரண்டு அழுக்கும் ஒரே சாயலில் இருந்தால், ஒரே டப்பாவிலிருந்து இரண்டு இடத்துக்கும் தெளித்திருக்கிறார்கள்.