நியூட்ரோஃபில் – நடுநிலைநாடி

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வெள்ளையணு வகைகளைப் பிரித்துக் காட்டும் இடத்தில் பெரும்பாலும் முதலில் நிற்கும் பெயர் நியூட்ரோஃபில். சில லேப்களில் பாலிமார்ஃப் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். நலமாக இருக்கும் பெரியவர்களின் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் பொதுவாக இந்த வகையே.

பெயர் வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், 1880ஐ ஒட்டி. இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்தார். சில அணுக்களின் துகள்கள் இயோசின் போன்ற அமிலச் சாயத்தைப் பிடித்தன. சில காரச் சாயத்தைப் பிடித்தன. மிகுதியாக இருந்த ஒரு வகை, இவ்விரண்டும் சேர்ந்து உண்டான நடுநிலைச் சாயத்தைப் பிடித்தது. லத்தீனில் நியூட்டர் என்றால் ‘இரண்டில் எதுவும் இல்லை’. கிரேக்கத்தில் ஃபிலோஸ் என்றால் விருப்பமுள்ளது. நியூட்டருக்குள் இருக்கும் உட்டெர் ‘இரண்டில் எது’ என்று கேட்கும் சொல்; கருப்பையைக் குறிக்கும் உட்டெரஸோடு அதற்கு உறவில்லை.

ஆக, பெயர் சாயத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. வேலை என்னவென்று பார்க்கக் குதிரையின் கருப்பையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

குதிரை இணையும்போது விந்து நேரே கருப்பைக்குள் விழுகிறது. அரை மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் இரத்தக் குழாய்ச் சுவரைத் தாண்டி அங்கே வரத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் கூட்டம் உச்சத்தை எட்டுகிறது. விந்தோடு வரும் பாக்டீரியாதான் இதற்குக் காரணம் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். விந்தணுவே இந்த அழற்சியைத் தூண்டுகிறது என்பது 1990களின் ஆய்வுகளில் உறுதிப்பட்டது. விந்தணு பட்டதும் கருப்பை நீரிலுள்ள நிரப்புப் புரதங்கள், அதாவது காம்ப்ளிமென்ட் எனும் நோயெதிர்ப்புப் புரதங்கள், உடைகின்றன. அந்தத் துண்டுகளின் தடத்தைப் பிடித்து நியூட்ரோஃபில்கள் வந்துவிடுகின்றன.

வந்தவை பாக்டீரியாவையும் விந்தணுவையும் விழுங்குவதோடு நிற்பதில்லை, வலையும் வீசுகின்றன. தம் டி.என்.ஏ.வையே இழைகளாக வெளியே விட்டு எதிரியைச் சிக்கவைக்கும் இந்தச் செயலை 2004இல் பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தார் விவரித்தனர். மறு ஆண்டே இன்னொரு ஆய்வு வந்தது. இந்த வலையில் விந்தணுக்களும் மாட்டுகின்றன. விந்துநீரில் இருக்கும் டி.என்.ஏ. அறுக்கும் நொதி அவற்றை விடுவிக்கிறது என்றது அது. விந்துநீரின் பங்கு அதோடு முடியவில்லை. அதிலுள்ள ஒரு புரதம், உயிருள்ள விந்தணுவை நியூட்ரோஃபில்கள் பற்றிக்கொள்ளாமல் காக்கிறது. செத்தவற்றுக்கு அந்தக் காப்பு கிடைப்பதில்லை. எனக்கு மலைப்பூட்டுவது இந்த இடம்தான். வந்த எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தால் கரு ஏது?

கருவுறுதலுக்குத் தேவையான விந்தணுக்கள் நான்கு மணி நேரத்துக்குள் கருக்குழாயை அடைந்துவிடுகின்றன. கரு கருப்பைக்கு இறங்க ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். அதற்குள் கருப்பை தூய்மையாகிவிட வேண்டும். நலமான குதிரையில் இரண்டு நாளுக்குள் அழற்சி அடங்கிவிடுகிறது. கருப்பைத் தசை சரியாகச் சுருங்காத குதிரைகளில் நீர் தேங்கி, அழற்சி நீடித்து, சினை பிடிக்காமல் போகிறது. அவற்றுக்கு உப்புநீரால் கருப்பையைக் கழுவி, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். நியூட்ரோஃபில் வருவது நோயல்ல, போகாமல் நிற்பதே நோய் என்பதைக் குதிரை இனப்பெருக்க மருத்துவத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நியூட்ரோஃபில் என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் நடுநிலைநாடி உண்டு. ‘விழுங்கணு’ என்று சிலர் சொல்வது பொருந்தாது. மேக்ரோஃபேஜும் விழுங்கும் அணுதான், வேறு பல அணுக்களும் அப்படியே. நடுநிலைநாடி என்பதற்கு என் ஆதரவு உண்டு. ‘நாடி’ என்றதும் கை பிடித்துப் பார்க்கும் நாடி நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்குவார்கள். ஆனால் இங்கே அது நாடுதல் என்ற வினையின் பெயர். சாயத்தை நாடியதற்காக வைத்தது, விந்தணு விழுந்த இடத்தை நாடி ஓடி வரும் அணுவுக்கும் அப்படியே ஒட்டுகிறது; ஃபிலோஸுக்கு அந்த ஓட்டம் கிடையாது. தொல்லை ‘நடுநிலை’யில்தான். பாரபட்சமில்லாத அணு என்று யாராவது படித்துவிடலாம். செத்த விந்தணுவையும் உயிருள்ளதையும் அது ஒரே மாதிரி நடத்துவதில்லை என்று மேலே பார்த்தோம். எனவே கட்டுரையில் முதல் முறை வரும்போது ‘நடுநிலைச் சாயத்தை நாடும் வெள்ளையணு’ என்று விரித்து எழுதிவிட்டு, அப்புறம் நடுநிலைநாடி என்று தொடரலாம். அது வீசும் வலையையும் நடுநிலைநாடி வலை என்றே சொல்லலாம். நோயாளியிடம் பேசும்போது மட்டும் நியூட்ரோஃபில் என்றே இருக்கட்டும், அவர் கையில் இருக்கும் அறிக்கையில் அதுதானே அச்சாகியிருக்கிறது.