லேக் எமுலேட்டரில் இல்லை, டிவியில் இருக்கிறது

"எமுலேட்டர்ல லேக் அடிக்கு அண்ணாச்சி. ஒரிஜினல் மிஷினே வாங்கிட்டேன், அதுலயும் அடிக்கு." செங்கோட்டையில் சாரல் விழத் தொடங்கியதிலிருந்து எங்களிடம் வருபவர்கள் சொல்வது இதே வசனம்தான். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் ஆள் அசைவதற்கும் நடுவே வரும் தாமதம்தான் லேக். பழைய கேம் மிஷினைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்தான் எமுலேட்டர். மிஷினைத் திறந்தால் ஒரு குறையும் இருக்காது. குறை சுவரில் மாட்டியிருக்கிறது, 43 அங்குலத்தில்.

கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படம், அதாவது ஒரு ஃபிரேம், சுமார் 16.7 மில்லிசெகண்ட். ஒழுங்காக அமைத்த எமுலேட்டர் கூட்டும் தாமதம் ஓரிரு ஃபிரேம். எல்இடி டிவியோ படத்தை மெருகேற்றுகிறேன் என்று சில சமயம் 100 மில்லிசெகண்டைக்கூடத் தின்றுவிடும். அது ஆறு ஃபிரேம். டிவி செட்டிங்கில் இந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள். பல டிவிகளில் அதை ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றில் போட்டுவிட்டு மற்றதில் செருகினால் பலன் கிடையாது.

நம்பிக்கை இல்லையா? பட்டனும் திரையும் சேர்ந்து தெரியும்படி, போனில் 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷன் எடுங்கள். அழுத்தியதிலிருந்து ஆள் குதிக்கும்வரை படங்களை எண்ணுங்கள். 24 படம் என்றால் 100 மில்லிசெகண்ட். பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள், கொடுத்த பின் அல்ல.

இன்னும் எரிச்சலூட்டுவது, அசல் மிஷினை எல்இடி டிவியில் மாட்டினால் படம் அசலாக இருக்கும் என்ற நினைப்பு. 1983-இன் நின்டென்டோ ஃபேமிகாமும் 1988-இன் செகா மெகா டிரைவும் பிக்சர் டியூப் உள்ள பெட்டி டிவிக்காகச் செய்தவை. அவை அனுப்பும் 240 வரிப் படத்தைப் பல எல்இடி டிவிகளும் மலிவான ஏவி-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்களும் 480 வரியின் பாதி என்று எண்ணி, இரண்டிரண்டாக ஒட்டுகின்றன. அடிபட்டு மினுக்க வேண்டிய ஆள் சீப்புப் பல்லாகத் தெரிவான், இல்லையென்றால் காணாமலே போவான். தாமதமும் கூடும். திரையைப் பார்த்துச் சுடும் பழைய லைட் கன் துப்பாக்கி எல்இடியில் வேலையே செய்யாது. துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள்.

ஆகவே, பெட்டி டிவியும் உண்மையான கேசட்டும் வீட்டில் இருந்தால் அசல் மிஷின். எல்இடி மட்டும்தான் என்றால் எமுலேட்டர். பிளேஸ்டேஷன் 1 வரை ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போதும். 5 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜர், வயர் உள்ள கண்ட்ரோலர். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில், கீபோர்டில் 'பி' (P) தட்டி கேமை நிறுத்துங்கள். குதிக்கும் பட்டனைப் பிடித்தபடி 'கே' (K) தட்டிக்கொண்டே வாருங்கள்; ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். மூன்றாவது தட்டில் அசைந்தால், கேமின் சொந்தத் தாமதத்தை மறைக்கும் ரன்-அஹெட் செட்டிங்கில் 2 வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் அசைவு துண்டு துண்டாகும்.

எஃப்பிஜிஏ (பழைய மிஷினின் மின்சுற்றைப் போலவே தன்னை அமைத்துக்கொள்ளும் சில்லு) கேட்பவர்களுக்கு: அதில் ஓடும் 'மிஸ்டர்' (MiSTer) என்ற சாதனத்தை அமைக்க டிஇ10-நானோ அல்லது அதற்கு ஒத்த போர்டும் 128 எம்பி எஸ்டிரேம் (கூடுதல் நினைவக) அட்டையும் வேண்டும். அருமையான சாதனம். ஆனால் 'இது எமுலேஷனே இல்லை, அச்சு அசல்' என்று விற்பவரை நம்பாதீர்கள். அந்தச் சில்லுக்குள் ஓடுவதும் மனிதர் எழுதிய வடிவமைப்புதான், அதிலும் பிழை வரும். டிவி தாமதத்தை அதுவும் தீர்க்காது.

அசல்தான் வேண்டுமா? முதலில் அடாப்டர். புனலூர்ப் பக்கம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கைமாறும் மிஷின்களில் இதுதான் முதல் பலி. ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட், அமெரிக்காவினது 120; நம் பிளக்கில் 230. ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, நடுவில் மைனஸ். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி. அதை ஃபேமிகாமில் செருகினால் போர்டு போகும். மெகா டிரைவ் முதல் மாடலில் நடுவில் மைனஸ், இரண்டாவதில் பிளஸ். மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகாதீர்கள். ஐரோப்பாவின் பிஏஎல் (PAL) டிவி முறைக்காகச் செய்த மிஷின் 60-க்குப் பதில் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நகரும். அது லேக் அல்ல.

கேசட்டை ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பின்னில் படிந்து அரிக்கும், இந்தச் சாரலில் கேட்கவே வேண்டாம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, 10 நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். சேவ் நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கும். பல கேசட்டில் அது சிஆர்2032. டேப் ஒட்டி வரும் செல்லாக வாங்குங்கள்; வெறும் செல்லில் நேராக சால்டரிங் அயர்னை வைத்தால் வெடிக்கலாம். கழற்றும்போது பழைய சேவ் அழியும்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறோம். யூடியூப் பார்த்து பெட்டி டிவியின் பின்மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். டியூப் டிவி பார்த்துப் பழகிய பழைய மெக்கானிக் தென்காசியிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுங்கள்.