“விசா ஒரிஜினல்தான் சார்”

“அவனா விருப்பப்பட்டுத்தான் போனான். யாரும் கடத்திக்கிட்டுப் போகலையே சார்.” வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளை மாட்டிக்கொண்டான் என்று என் அலுவலகத்துக்கு வரும் அப்பாக்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். போன வாரம் மன்னார்குடி பக்கமிருந்து வந்தவரும் சொன்னார். மகனின் பாஸ்போர்ட் வேறொருவன் கையில். சம்பளம் வேறொருவன் கணக்கில். வகுப்புக்குப் போய் மாதக்கணக்காகிறது. ஆனால் அவர் எழுதிக்கொண்டு வந்த புகாரில் இருந்தது ‘பண மோசடி’ மட்டும்தான். எத்தனை பேருக்குத்தான் இதைத் தனித்தனியாக விளக்குவது?

ஆள்கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வேனில் ஏற்றுவது மட்டும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 143-வது பிரிவைப் படியுங்கள். சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை மிரட்டியோ, ஏமாற்றியோ, ஆசைகாட்டியோ சேர்த்தாலும், கொண்டுபோனாலும், தங்கவைத்தாலும், இன்னொருவரிடம் ஒப்படைத்தாலும் அது ஆள்கடத்தல். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-லும் இதுதான் இருந்தது. தண்டனை குறைந்தது 7 ஆண்டு, 10 ஆண்டு வரை போகலாம்.

உங்கள் மகன் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். திருச்சி விமான நிலையத்தில் மாலையோடு போட்டோ எடுத்திருக்கலாம். அவன் எதற்குச் சம்மதித்தான்? படிப்பதற்கு. இரவு முழுக்க யாருடைய கிடங்கிலோ கூலி இல்லாமல் மூட்டை தூக்க இல்லை. பொய்யைச் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. அவன் இன்ஜினியர், வயது 23, ஆண்பிள்ளை என்பதெல்லாமும் சட்டத்துக்கு முன்னால் எதையும் மாற்றாது.

அடுத்தது, “விசா ஒரிஜினல், காலேஜும் இருக்கு.” இருக்கட்டும். 2018-இல் தைவானில் ஒரு பல்கலைக்கழகம் இலங்கையிலிருந்து வந்த மாணவர்களை இறைச்சிக்கூடத்து வேலைக்கு அனுப்பிய விஷயம் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் நிஜம்தான். பிரிட்டனின் வடக்கு வேல்ஸில் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்த 50-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் நவீன அடிமைமுறைக்கு ஆளாகியிருக்கலாம் என்று அந்த நாட்டின் தொழிலாளர் சுரண்டல் தடுப்பு அமைப்பு 2023 பிப்ரவரியில் சொன்னது. அங்கே பராமரிக்கப்பட்ட முதியவர்களின் சாப்பாட்டை அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டதை உடன் வேலை பார்த்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். கட்டணத் தள்ளுபடி, இலவச விசா நீட்டிப்பு என்று பேசி ரஷ்யாவில் சந்தேகத்துக்குரிய தனியார் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவிட்டுக் கைகழுவிய ஏஜெண்டுகளைப் பற்றி 2024 மார்ச்சில் சிபிஐ பேசியது. ஆட்களைப் போர்முனைக்கு அனுப்பிய அதே வழக்கில்தான் இதுவும்.

பிடி எங்கே இருக்கிறது தெரியுமா? வேலை நேர வரம்பில். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதற்குமேல் ஒரு மாதம் பார்க்க வைத்துவிட்டால் போதும். “போலீஸுக்குப் போனா உன்னைத்தான் பிடிச்சு அனுப்புவாங்க” என்று ஒரு வார்த்தை, பையன் வாயே திறக்க மாட்டான். இந்தப் பக்கம் ஊரில் கடன். ஒரு குறுவை அறுவடை எந்த மூலைக்கு? நாலு மா நிலத்தை ஒத்திக்கு விட்டு, அம்மா நகையை அடகு வைத்து அனுப்பியிருக்கிறோம். வெறுங்கையோடு எப்படித் திரும்புவான்? அனுப்பிய ஏஜெண்டும் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், அல்லது சொந்தக்காரர். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் தலைமுறையாக ஆள் தெரிந்துதான் போனோம் என்பதால், தெரிந்த ஆளிடம் காகிதம் கேட்பதே மரியாதைக்குறைவு என்று நினைக்கிறோம். கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வாசலில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று போர்டு இருக்கும். என்ன அங்கீகாரம்? பல இடங்களில் ஜிஎஸ்டி எண்ணைத்தான் காட்டுவார்கள். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பெயர் இருக்கும். சேவைக் கட்டணமாக அவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். படிப்புக்கு மட்டும் அனுப்புகிறவர் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். அந்த இடைவெளியில்தான் பிழைப்பு நடக்கிறது. ‘படிப்போடு சம்பளம் கேரண்டி’ என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே பதிவு எண்ணைக் கேளுங்கள்.

கட்டணத்தைக் கல்லூரியின் கணக்குக்கே கட்டுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததும், கல்லூரியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதி அது உண்மையா என்று கேளுங்கள். ஏஜெண்ட் கொடுத்த மின்னஞ்சலுக்கு இல்லை. கனடா என்றால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியலை அந்த அரசே வெளியிடுகிறது, பத்து நிமிட வேலை. ‘கட்டாய இன்டர்ன்ஷிப்’ என்றால் எந்த நிறுவனம், என்ன வேலை, படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை ஒருவரிடமும் விட்டுவைக்காதீர்கள். பாஸ்போர்ட் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் சொத்து, அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். போய் இறங்கியதும் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் மாணவராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீடியோ காலில் கேமராவை ஆன் செய்யவே மாட்டேன் என்கிறான், வகுப்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான், எப்போதும் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்றால் திட்டாதீர்கள். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். “நிலம் போனாப் போகுது, நீ கிளம்பி வா” என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். தூதரகத்துக்கு எழுதுங்கள், அந்த ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். ஏஜெண்டிடம் போய்ச் சண்டை போட வேண்டாம், அவர் உடனே அங்கே போன் போட்டுவிடுவார். வாட்ஸ்அப் குரல் செய்திகளையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் அழிக்காமல், அப்படியே போனோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். காவல் நிலையத்தில் ஏமாற்று வழக்கு மட்டும் போட்டுவிட்டு, பணத்தில் பாதியைத் திருப்பி வாங்கித் தருகிறோம், சமரசமாகப் போங்கள் என்றால், 143-ஐயும் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.