வாசிக்காத சுரம் எங்கிருந்து வருகிறது?

மெட்டல் என்பது கனத்த மின் கிட்டார் ஒலியால் ஆன ராக் இசை. 2024இல் வந்த மெட்டல் ஆல்பங்களில் நான் விடாமல் கேட்டவை மூன்று: ப்ளட் இன்கான்டேஷன் குழு பெர்லினில் ஒலிப்பதிவு செய்த ‘ஆப்சலூட் எல்ஸ்வேர்’, சுவீடனின் ஓபெத் குழு வெளியிட்ட ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’, சுமாக் குழுவின் ‘தி ஹீலர்’. மூன்றும் மூன்று போக்கு. ஆனால் நெஞ்சை அழுத்தும் அந்தக் கனம் மூன்றிலும் உண்டு. சத்தமாக வைத்தால் எதுவும் கனமாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் வைத்துப் பாருங்கள், கனம் அப்படியே இருக்கும். கலைஞர் வாசிக்காத சுரங்கள் அந்த ஒலிக்குள் பிறப்பதே காரணம்.

சோமனூரில் மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட் கட்டும் அண்ணன் ஒருவருக்கு ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினேன். “ஏனுங் தம்பி, ஆம்ப்ளிஃபயர் தாங்காமக் கத்துதே. சவுண்டக் கொறைக்கோணும்” என்றார். விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் தரக்கூடிய மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி உள்ளே தள்ளினால் அலையின் முகடும் பள்ளமும் மேலேற வழியின்றித் தட்டையாகிவிடும். தட்டையான அலை என்பது, கணக்குப்படி, பழைய அலையோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வெண்கள் சேர்ந்த கலவை. மேலும் கீழும் சமமின்றி வெட்டுப்பட்டால் இரட்டை மடங்குகளும் சேரும். உச்ச அளவு மாறாமலே, முழுக்கச் சதுரமான அலை சீரான அலையைவிட இரு மடங்கு திறன் சுமக்கிறது. மைக் செட்காரர் அஞ்சுகிற இந்தச் சிதைவைத்தான் கிட்டார்காரர்கள் தேடிப் போனார்கள். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறியதே இதற்காகத்தான்.

ஒரு சுரத்துக்கு இது. இரண்டு சுரங்கள் சேர்ந்து சிதையும்போதுதான் உண்மையான அதிசயம். சிதைவு இரண்டையும் கூட்டியும் கழித்தும் புதிய அதிர்வெண்களை உண்டாக்கும். மெட்டலின் அடிப்படையான ‘பவர் கார்ட்’ என்ற சுரச் சேர்க்கை வெறும் ஷட்ஜமும் பஞ்சமமும் (ச, ப). கிட்டாரின் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு, அதன் பஞ்சமம் 123.5. கழித்தால் ஏறத்தாழ 41: ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, அந்தக் கிட்டாரில் எந்தத் தந்தியும் தர முடியாத சுரம். கூட்டினால் ஏறத்தாழ 206. அது அந்தர காந்தாரம் (க), யாரும் தொடாதது! இவை எல்லாமே 41இன் மடங்குகளாக விழுவதால் காது அவற்றை ஒரே தடித்த ஒலியாகக் கட்டிக்கொள்கிறது.

காந்தாரத்தையும் விரலாலேயே வாசித்தால்? கிட்டாரின் சுருதியமைப்பில் பஞ்சமம் இயற்கையான 3:2 விகிதத்தோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. காந்தாரம் 5:4இலிருந்து நன்றாகவே விலகுகிறது. அந்த விலகலால் புதிய அதிர்வெண்கள் ஒரே வரிசையில் விழாமல் மோதிக் குழம்புகின்றன. மெட்டல் கலைஞர்கள் காந்தாரத்தை விட்டுவிடுவது காது சொன்ன கணக்கு.

தாழ்ந்த சுருதியின் கதை வலி நிறைந்தது. பர்மிங்ஹாமின் தகடு ஆலையில் 17 வயதில் வேலை பார்த்த டோனி அயோமி, கடைசி நாள் வேலையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். கோவையில் பிரஸ் வேலை பார்த்த குடும்பங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971இல் அவருடைய பிளாக் சபாத் குழு மூன்று அரைச்சுரம் சுருதியைக் கீழிறக்கியது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே 82.4 ஹெர்ட்ஸ் 69.3 ஆகும்போது தந்தியின் இழுவிசை சுமார் 71 சதவீதமாகிறது. காயம்பட்ட விரலுக்கு அது பெரிய ஆறுதல்.

பிறகு வந்த மெஷுக்கா குழு எட்டுத் தந்திக் கிட்டாரில் 44 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. செல்போன் ஸ்பீக்கரால் அந்த அடியைத் தர முடியாது. இருந்தும் சுரம் புரிகிறது. சிதைவு அள்ளித்தரும் மேல்சுரங்களின், அதாவது அந்த மடங்கு அதிர்வெண்களின், இடைவெளியை வைத்து, இல்லாத அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது.

ஓபெத்தின் ஆல்பத்தில் 2008க்குப் பிறகு உறுமல் குரல் திரும்பியிருக்கிறது, எனக்கு அது பெருமகிழ்ச்சி. உறுமலில் குரல் நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல் மடிப்புகளும் சேர்ந்து ஒழுங்கின்றி அதிர்கின்றன. மனித அலறலில் ஒலியின் வலிமை நொடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்குவதையும், மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியை அது தூண்டுவதையும் 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உறுமலின் சொரசொரப்பும் அந்த வகையைச் சேர்ந்ததே.

‘தி ஹீலர்’ இன்னொரு படி போகிறது. 25 நிமிடத்துக்கு மேல் நீளும் அதன் முதல் பாடலில், மைக் செட்டில் நாம் வெறுக்கிற அந்தக் கூவல்தான் கருவி. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி தந்தியை அதிரவைக்க, தந்தி மறுபடி ஸ்பீக்கரை ஒலிக்கவைக்கிறது. சுற்று முடிந்து அலை முகட்டோடு முகடு பொருந்தும்படி வந்து சேரும் மேல்சுரம் மட்டும் வளரும். எனவே கலைஞர் ஓரடி முன்னே நகர்ந்தாலே வேறொரு சுரம் எழும்பும்.