தேர்தல் நேரத்தில் துப்பாக்கி ஒப்படைப்பு: ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். "உரிமத் துப்பாக்கியை நாளைக்குள் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள்." தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிக்கும் இதே அழைப்புதான், கடையில் பணம் புழங்குவதால் பிஸ்டல் வைத்திருக்கும் வியாபாரிக்கும் இதே அழைப்புதான். எல்லோரும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

தேர்தல் ஆணையம் 2009இல் அனுப்பிய சுற்றறிக்கைப்படி, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய பரிசீலனைக் குழு உரிமங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஜாமீனில் வந்தவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டவர் ஆகியோரை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். யாருடைய ஆயுதத்தை வாங்கி வைப்பது அவசியம் என்று குழு கருதுகிறதோ, அவருக்குப் பெயரிட்டு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அடியாளிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குச் சோம்பி, மொத்தமாக வாங்கிப் பூட்டி வைப்பது வேறு விஷயம். பொது உத்தரவு போட்டு எல்லோரையும் ஒப்படைக்கச் சொல்ல முடியாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. அது உத்தரப் பிரதேச வழக்கு என்றாலும் உங்கள் மனுவில் தாராளமாகக் குறிப்பிடலாம்.

தொலைபேசி வந்தால் நிலையத்தில் சண்டை போடாதீர்கள். எழுத்துப்பூர்வ அறிவிப்பைப் பணிவாகக் கேளுங்கள். தரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். உங்கள் பெயரில் அறிவிப்பு வந்துவிட்டால் உடனே ஒப்படைத்துவிடுங்கள். மீறினால் வழக்கு வரும். இன்னொன்று: ஒப்படைக்க வேண்டியதில்லை என்றால் இடுப்பில் செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. முடிவு அறிவிக்கும் வரை ஆயுதம் எடுத்துச் செல்லத் தடை இருக்கும். வங்கிக் காவலர்களுக்கும் போட்டிகளுக்குச் செல்லும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் வழக்கமாக விலக்கு உண்டு. ஆனால் விலக்கு கேட்கும் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். வங்கிக் காவலர் தன் சொந்த உரிமத் துப்பாக்கியோடு வேலை பார்த்தால் வங்கியின் கடிதம் இன்னும் அவசியம்.

ரசீதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "ஒரு துப்பாக்கி பெறப்பட்டது" என்று துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். துப்பாக்கியின் வகை, எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, அப்போதைய நிலை, கையெழுத்து, நிலைய முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடக் கொடியது உரிமக் காலாவதி. துப்பாக்கி நிலையத்தில் கிடக்கும்போதே உரிமம் முடிந்துவிடும். புதுப்பிக்கப் போனால் "துப்பாக்கியைக் காட்டுங்கள்" என்பார்கள். நிலையத்துக்குப் போனால் "புதுப்பித்த உரிமத்தைக் காட்டுங்கள்" என்பார்கள். இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஆறு மாதம் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்படைக்கும் அன்றே உரிமத்தின் கடைசி தேதியைப் பாருங்கள். நெருங்கியிருந்தால் ரசீது நகலை இணைத்து அப்போதே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். பழைய உரிமம் என்றால் அதில் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. அப்பா காலத்துப் புத்தகத்தை அப்படியே வைத்திருப்பவர்கள் அதில்தான் மாட்டுகிறார்கள்.

திரும்ப வாங்குவது தனிக் கதை. முடிவு அறிவித்து ஒரு வாரம் ஆனதும் திருப்பித் தர வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். 2024 மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாடு ஏப்ரல் 19இல் வாக்களித்தது. முடிவு ஜூன் 4இல் வந்தது. ஆக, ஜூன் 11க்குப் பிறகு துப்பாக்கி உரியவர் கைக்கு வந்திருக்க வேண்டும். "மேலிடத்துக் கடிதம் வரவில்லை" என்ற பதில் வந்தால், ரசீது நகலுடன் ஆட்சியருக்கும் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். கூடவே பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, "துப்பாக்கிகளைத் திருப்பித் தரும் உத்தரவு எந்தத் தேதியில் பிறந்தது, எந்த நிலையத்துக்கு எப்போது போனது" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பல இடங்களில் அந்த மனு போன மறுவாரமே கடிதம் கிடைத்துவிடுகிறது.

என் பெரியப்பாவுக்கு மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் மரவள்ளி. அந்த ஆண்டு ஒப்படைத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குள் பன்றிகள் இரண்டு பாத்திகளைக் கிளறிப் போட்டிருந்தன. பதிவேட்டை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் வந்து பிரித்துப் பார்த்தால், குழல் முழுக்கத் துரு, கட்டையில் விரல் நீளத்துக்கு விரிசல். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்" என்றார் அங்கிருந்த எழுத்தர். அதனால் சொல்கிறேன்: முதலில் எண்ணைச் சரிபாருங்கள், குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், பழுது இருந்தால் அதைப் பதிவேட்டிலேயே எழுதுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.